மார்பகப் புற்றுநோய்ச் சோதனை: அறிந்து முடிவு செய்தல்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் அங்கீகரிக்கப்பட்ட பின்னர், நிர்வாகக் குழுவினர் இதர விஷயமாக ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தனர். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் வண்டி ஒன்று அவ்வூருக்கு வரவிருந்தது. நாற்பது வயது கடந்த பெண் அங்கத்தினர் யாவரும் தவறாது சென்று சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே தீர்மானம். எல்லோரும் கைதூக்க இருந்த வேளையில், தறி நெய்யும் ஓர் அம்மையார் எழுந்தார். “ஐயா, போனால் என்ன நன்மை? போகாவிட்டால் என்ன நஷ்டம்? சந்தேகம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எங்களை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? இதைச் சொல்லிவிட்டுத் தீர்மானம் போடுங்கள்” என்றார்.

மேடையில் இருந்தவர்களுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கூட்டம் கலைந்த பின்னர், குழுவில் இருந்த பெண் இயக்குநர் என்னிடம் இன்னொரு செய்தியைக் கூறினார். வேறோர் அங்கத்தினருக்கு மூன்று மாதங்களாக மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். வலி இல்லாததால் அவர் கவலைப்படவில்லை. எப்படியும் வண்டி வருகிறதே, அப்பொழுது காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறாராம்.

இவ்விரு பெண்மணிகளுக்கும் சொல்ல வேண்டிய விடைகள் வெவ்வேறானவை. அவற்றைத் தெளிவாகக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முன்னறி சோதனையும் நோயறி பரிசோதனையும்

உடம்பில் ஒரு குறையும் தோன்றாத பெண்ணைச் சோதித்து, மறைந்திருக்கும் நோய் உண்டா என்று தேடுவது முன்னறி சோதனை. கட்டியோ வேறு மாறுதலோ தோன்றிய பின்னர் அது யாதென்று கண்டறிவது நோயறி பரிசோதனை.

முன்னறி சோதனைக்குச் செல்வதா, வேண்டாமா என்பது ஒவ்வொரு பெண்ணும் நன்மை தீமைகளை அறிந்து தானே செய்துகொள்ள வேண்டிய முடிவு. நோயறி பரிசோதனை அவ்வாறானதன்று. மாறுதல் தென்பட்டால், முகாம் வரட்டும், தீபாவளி உருப்படி முடியட்டும், மஞ்சள் அறுவடை கழியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அத்தகைய மாறுதல்கள் இவை: மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி அல்லது தடிப்பு, தோல் ஓரிடத்தில் குழிதல், அல்லது ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆதல், காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண், ஒரு மார்பின் அளவோ வடிவமோ மாறுதல். இவற்றுள் பெரும்பாலானவை வலி தருவதில்லை. வலியில்லாததைக் கொண்டு ஆபத்தில்லை என்று எண்ணுவதே நம் பெண்கள் காலந்தாழ்த்துவதற்கு ஒரு முக்கிய காரணம்.

எனினும் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று சிலர் கூறுவதும் ஆதாரமற்ற அச்சம். அது எத்தகைய கட்டி என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள அச்சோதனையே வழி.

2. நோயின் நிலை

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இதனால் மாண்டனர். இது தொற்றுநோயன்று. சாபமோ தோஷமோ அன்று. ஆண்களுக்கும் மிக அரிதாக வருவதுண்டு.

சிறு கட்டியாக, மார்பகத்தின் அளவில் நிற்கும்போது சிகிச்சை பெற்றவர்கள் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். தொடக்க நிலையில் மார்பகத்தை முழுவதும் அகற்றாமலே கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கவும் பெரும்பாலும் முடிகிறது. எலும்பு, ஈரல், நுரையீரல் முதலியவற்றிற்குப் பரவிய பின்னரோ சிகிச்சை கடினமாகின்றது. ஆகவே முன்னதாகக் கண்டறிதல் நன்று என்பதில் ஐயமில்லை. எந்த முறையால், எந்த வயதில், என்ன விலை கொடுத்து என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

3. சோதனை முறைகள் மூன்று

முதலாவது, மாதந்தோறும் தம் மார்பைத் தாமே விதிப்படி தடவிப் பார்த்தல். இம்முறை பற்றிய மிகப் பெரிய ஆய்வு நம்மைப்போல் நூலையும் துணியையும் நம்பி வாழும் பெண்களிடையே நடைபெற்றது என்பது நம் வாசகர்கள் அறியத்தக்கது. சீன நாட்டின் ஷாங்காய் நகரில் 519 ஆலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண் துணியாலைத் தொழிலாளர்கள் இதில் இடம்பெற்றனர். 1989-இல் தொடங்கிய இவ்வாய்வில் ஒரு பாதியினருக்குச் சுயசோதனை முறை கவனமாகக் கற்பிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட்டது. மறு பாதியினருக்கு அவ்வாறு கற்பிக்கப்படவில்லை. 2002-இல் வெளியான முடிவு யாதெனில், கற்றவர்களில் இந்நோயால் இறந்தவர் 135 பேர். கல்லாதவர்களில் இறந்தவர் 131 பேர். உயிர்காப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் தீங்கற்ற கட்டிகளுக்காகக் கத்தி வைத்துக்கொண்டவர்கள் கற்றவர்களிடையே மிகுதியாக இருந்தனர்.

ஆகவே நாள் குறித்துச் செய்யும் சுயசோதனையை ஒரு விரதம்போல் கைக்கொள்ள வேண்டியதில்லை. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தம் உடம்பின் இயல்பை அறிந்துவைத்திருந்து, மாறுதல் கண்டால் உடனே சொல்லுவதே போதும்.

இரண்டாவது, பயிற்சி பெற்ற டாக்டரோ செவிலியரோ கையால் சோதித்தல். இதற்கு இயந்திரம் வேண்டுவதில்லை. சில நிமிடங்களே பிடிக்கும். இதைப் பற்றிய சிறந்த ஆய்வு நம் நாட்டிலேயே, மும்பையில், டாட்டா நினைவு மருத்துவமனையினரால் 1998-இல் தொடங்கப்பெற்றது. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறையாக நான்கு முறை சோதித்தனர். பின்னரும் தொடர்ந்து கண்காணித்து வந்தனர்.

இருபதாண்டு முடிவு 2021-இல் வெளியாயிற்று. நோய் கண்டவர்களில், முற்றிய நிலையில் இருந்தவர்கள் சோதிக்கப்படாத பகுதியில் 100-க்கு 47 பேர். சோதிக்கப்பட்ட பகுதியில் 37 பேர். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம், ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்குச் சுமார் 35 என்பதிலிருந்து சுமார் 25 ஆகக் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய தெளிவான குறைவு காணப்படவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் மரணம் 15 சதவிகிதம் குறைந்திருந்தபோதிலும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் ஐயத்தை முற்றிலும் நீக்கும் அளவுக்கு உறுதிப்படவில்லை. நன்மையை மிகைப்படுத்தாது கூறியிருப்பதே அவ்வாய்வின் சிறப்பு.

மூன்றாவது, மம்மோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே. ஒவ்வொரு மார்பையும் இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்திப் படம் எடுப்பர். சிலருக்கு அச்சமயம் வலியுண்டு. கைக்கு அகப்படாத சிறு கட்டியையும் இப்படம் காட்டவல்லது. ஆனால் இளம் வயதினரின் மார்பகத் தசை அடர்த்தியாயிருப்பதால் படத்தில் நோய் மறைந்துபோவதும் உண்டு. எனவே படம் நன்றாயிருந்தது என்பதற்காகப் பின்னர் தோன்றும் கட்டியை அலட்சியம் செய்யலாகாது.

4. வரவும் செலவும்

ஐந்தொகையில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் சங்கத்தை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளார். சோதனைக்கும் இரு பக்கங்கள் உண்டு.

இங்கிலாந்தில் மார்பக எக்ஸ்ரே சோதனை 1988 முதல் அரசாங்கச் செலவில் நடைபெற்று வருகிறது. ஐம்பது வயது முதல் எழுபத்தோராம் பிறந்தநாள் வரையில் மூன்றாண்டுக்கு ஒரு முறை பெண்கள் அழைக்கப்படுகின்றனர். இதனால் உண்மையில் விளைவது என்ன என்று ஆராயப் பேராசிரியர் மார்மட் தலைமையில் அமைந்த சுயேச்சையான குழு, 2012-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஐம்பது வயதுள்ள 10,000 பெண்களை இருபதாண்டுகள் தொடர்ந்து சோதனைக்கு அழைத்தால் என்ன நேரும் என்று அக்குழு கணக்கிட்டது.

வரவுப் பக்கம்: 43 பெண்கள் இந்நோயால் இறவாமல் காக்கப்படுவர்.

செலவுப் பக்கம்: இக்காலத்தில் கண்டுபிடிக்கப்படும் 681 புற்றுநோய்களில் 129, அப்பெண்களுக்கு வாழ்நாள் முழுவதும் எவ்விதத் துன்பமும் தந்திராதவை. சோதிக்காதிருந்தால் அவை இருப்பதே தெரிந்திராது. தெரிந்துவிட்டமையால் அவர்களும் அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் ஏற்க நேர்கிறது.

அதாவது, ஓர் உயிர் காக்கப்படும்போது மூன்று பெண்கள் வேண்டாத சிகிச்சைக்கு ஆளாகின்றனர். இதை மிகைக் கண்டறிதல் என்பர். இது டாக்டரின் தவறன்று. வயலில் நாலு புழு கண்டவுடன் மருந்தடிக்க வேண்டியதில்லை என்பதை விவசாயி அறிவார். சேத அளவைப் பார்த்துப் பொறுத்திருக்க அவருக்கு வழியுண்டு. மார்பில் கண்ட புற்று வளருமா, வாளாவிருக்குமா என்று அந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும் ஆற்றல் மருத்துவத்திற்கு இன்னும் வரவில்லை. ஆகவே எல்லோருக்கும் சிகிச்சை அளிக்க நேர்கிறது.

இன்னொரு செலவும் உண்டு. இங்கிலாந்தில் படம் எடுத்துக்கொள்ளும் 100 பெண்களில் சுமார் 4 பேர் மேற்பரிசோதனைக்குத் திரும்ப அழைக்கப்படுகின்றனர். அந்நால்வரில் ஒருவருக்கே நோய் உறுதியாகிறது. மற்ற மூவரும் விடை தெரியும் வரையில் அனுபவிக்கும் மனவேதனையைக் கணக்கில் எழுதாமல் விடலாகாது.

அக்குழு சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. நன்மை உண்டு, தொடர வேண்டும் என்றே கூறியது. ஆனால் இரு பக்கங்களையும் பெண்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதன்படி அழைப்போடு அனுப்பப்படும் விளக்கச் சிறுநூல் திருத்தி எழுதப்பட்டு, வரவைப் போலவே செலவும் அதில் இடம்பெற்றது.

5. சதவிகிதத்தின் மயக்கம்

“எக்ஸ்ரே சோதனை மரணத்தை 20 சதவிகிதம் குறைக்கிறது” என்று ஒரு விளம்பரம் சொன்னால், அது மேற்கண்ட அறிக்கையின்படி பொய்யன்று. ஆயினும் அது முழுச் செய்தியாகாது. கைத்தறிக்கு 20 சதவிகிதம் தள்ளுபடி என்று பலகை கண்டவுடன், விலை என்ன என்று நாம் கேட்கிறோமல்லவா? 100 ரூபாய்த் துண்டில் அது 20 ரூபாய். 10,000 ரூபாய்ப் பட்டில் 2,000 ரூபாய்.

அவ்வாறே இங்கும் எதில் 20 சதவிகிதம் என்று கேட்க வேண்டும். அக்குழுவின் கணக்கில், சோதனை இல்லாவிடின் 10,000 பேரில் சுமார் 213 பேரும், சோதனை இருப்பின் சுமார் 170 பேரும் இந்நோயால் இறப்பர். இந்த 43 பேர் வேறுபாடே அந்த 20 சதவிகிதம். எஞ்சிய 9,780-க்கு மேற்பட்ட பெண்கள் சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் இந்நோயால் இறப்பதில்லை. நாற்பத்து மூன்று உயிர் சிறிது என்று நான் கூறவில்லை. அக்குடும்பங்களுக்கு அதுவே எல்லாம். ஆயினும் இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்லப்படும்போதுதான் ஒரு பெண் தனக்கு எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க முடியும்.

கற்றறிந்த குழுக்களே இதில் ஒருமித்த முடிவு கூறவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024-இல், 40 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுக்கலாம் என்றது. இங்கிலாந்தோ 50-இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒரு முறை என்கிறது.

6. நம் நாட்டிற்குப் பொருந்துவது

மேல்நாட்டுக் கணக்கை அப்படியே இங்குப் பெயர்த்து எழுதலாகாது. நம்மிடையே இந்நோய் வரும் வீதம் அங்குள்ளதைவிடக் குறைவு. ஆகவே அதே எண்ணிக்கைப் பெண்களைச் சோதித்தால் காக்கப்படும் உயிர்களும் குறைவாகவே இருக்கும். மறுபுறம், நம் பெண்களில் பலர் கட்டி பெரிதான பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். நம் பெருங்குறை அதுவே.

இதையொட்டியே மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிமுறைகள், 30 முதல் 65 வயதுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை கையால் செய்யும் மார்பகச் சோதனையையே விதித்துள்ளன. தமிழ்நாட்டில் 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் ஒழுங்குபடுத்தப்பட்ட புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், மேற்கூறிய பொதுக் கணக்கு அப்பெண்ணுக்குப் பொருந்தாது. அவர் டாக்டரிடம் குடும்ப வரலாற்றைக் கூறித் தனி ஆலோசனை பெற வேண்டும்.

7. முகாமில் கேட்க வேண்டியவை

முகாமிற்குப் போகலாம் என்று எண்ணும் அங்கத்தினர் பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்.

(அ) கையால் சோதிப்பதா, எக்ஸ்ரேயா? என் வயதிற்கு அது ஏற்றதா?

(ஆ) சோதிப்பவர் பெண்தானா? மறைவிடம் உண்டா?

(இ) முடிவை எப்பொழுது, யார் மூலம் தெரிவிப்பீர்கள்? பிறர் அறியாமல் என்னிடமே தருவீர்களா?

(ஈ) சந்தேகம் என்றால் அடுத்த பரிசோதனை எந்த மருத்துவமனையில்? அதன் செலவு யாருடையது?

(உ) ஒன்றுமில்லை என்று வந்தால், மறுபடி எப்பொழுது வர வேண்டும்?

நான்காவது கேள்விக்கு விடை சொல்ல முடியாத முகாமால் பயனில்லை. சந்தேகத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டால், அப்பெண்ணின் நிலை முன்னிலும் மோசமாகும். நோய்க்குறியோடு மருத்துவரிடம் முதன்முதல் காட்டிக்கொண்ட அறுபது நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இலக்கு வகுத்துள்ளது. நம் சங்கங்களும் இந்த அறுபது நாட்களை நினைவிற் கொள்வது நலம்.

8. சங்கத்தின் கடமை

சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கப்பெற்றது. புற்றுநோய்க்குத் தம் இளைய சகோதரியைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி அதை நிறுவினார். தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதன் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் இன்றியமையாதவை. சோதனைக்குப் போகும்படி தீர்மானம் போட்டுக் கட்டாயப்படுத்தலாகாது. கடனுக்கோ போனசுக்கோ அதை நிபந்தனையாக்குவது பெருந்தவறு. போனவர், போகாதவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் தகாது. போகாதிருக்க முடிவு செய்த பெண்ணும் அறிந்து முடிவு செய்தவரே.

அதற்குப் பதிலாக, முகாமிற்கு ஒரு வாரம் முன்னரே கிராம செவிலியரை அழைத்து, பெண் அங்கத்தினர்களை மட்டும் கூட்டி, இரு பக்கக் கணக்கையும் சொல்லச் செய்யலாம். தறி நின்றால் கூலி நிற்கும். களையெடுக்கப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே பொது நல நிதியிலிருந்து வழிச் செலவுக்கு விதிமுறைக்குட்பட்டு ஏற்பாடு செய்யலாம். மேற்பரிசோதனைக்குப் போக வேண்டியவருக்குத் துணையாக ஒரு பெண் அங்கத்தினரை அனுப்பலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களுக்கு அதைப் பெற இப்பொழுதே உதவலாம். நோய் வந்த பின்னர் வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

ஆண் அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மனைவியோ தாயோ கட்டி என்று சொன்னால், இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று கூறாதீர்கள். உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது, துணை செல்வது நம் கடமை.

முடிவாக, அவ்விரு பெண்மணிகளைப் பற்றி. ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம் அடுத்த கூட்டத்தில், “செல்ல விரும்புவோருக்குச் சங்கம் உதவும்” என்று மாற்றி நிறைவேற்றப்பட்டது. கேள்வி கேட்ட அம்மையார் கணக்கைக் கேட்டறிந்து, எக்ஸ்ரே தமக்கு இப்பொழுது வேண்டாம், சுகாதார நிலையத்தில் கைச்சோதனை போதும் என்று முடிவு செய்தார். அவரது தறிக்கு அடுத்த தறிக்காரர் எக்ஸ்ரேக்குச் சென்றார். இருவர் முடிவும் சரியே.

கட்டியோடு காத்திருந்தவரைப் பெண் இயக்குநர் மறுநாட் காலையிலேயே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நோய் உறுதியாயிற்று, அறுவையும் முடிந்தது, சிகிச்சை நடந்து வருகிறது. வண்டி அவ்வூருக்கு வந்து சேர்ந்தது, அதற்கும் ஏழு வாரங்கள் கழித்தே.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. முன்னறி சோதனைக்கும் நோயறி பரிசோதனைக்கும் உள்ள வேறுபாடு யாது? காத்திருக்கக் கூடாதது எது?

2. ஷாங்காய், மும்பை ஆய்வுகளிலிருந்து நாம் கற்பவை எவை?

3. “20 சதவிகிதம் குறைவு” என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் நீங்கள் கேட்கும் அடுத்த கேள்வி என்ன?

4. சந்தேகம் என்று சொல்லப்படும் ஓர் அங்கத்தினரை அறுபது நாட்களுக்குள் நோயறி பரிசோதனை முடித்துக்கொள்ளச் செய்ய உங்கள் சங்கம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது?